கொட்ட மனம் வராத இரண்டு டேங்க்

பயப்படுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பயத்துக்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன். கேஸை மூடினேனா என்று பார்ப்பதற்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.) பயந்த சுபாவம் உள்ளவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது புனேயில் சாங்வியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கசார்வாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. நான் வீட்டிலேயே மெஸ் நடத்தினேன். மெஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹாலில் பாய் விரித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆறு தமிழ்ப் பையன்களுக்கு இரண்டு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். ஆறு பேருக்கும் தலைவன் கோயம்புத்தூர் கார்த்தி. அவன் எங்கே சாப்பிடுகிறானோ அங்கேதான் மற்ற ஐந்து பேரும் சாப்பிடுவார்கள்.

அந்த டிசம்பரில் கார்த்திக்கு வயிறு கெட்டுப்போய், ஒரு வாரம் வெறும் மோர்சோறு. ஊரிலிருந்து அவன் அம்மா எனக்கே போன் போட்டார்.

"ஏனுங்க, உங்கூட்டுல என்ன தண்ணிங்க குடுக்கறீங்க?"

"கார்ப்பரேஷன் தண்ணிதாங்க. காய்ச்சித்தான் குடுக்குறேன்."

"நாங்க சிறுவாணித் தண்ணி குடிச்சவீங்க. பையனுக்கு வேற தண்ணி ஒத்துக்காதுங்க. ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறனுங்க. சரியில்லீன்னா வேற மெஸ்ஸுல சேத்தி உட்டுர்றேன்."

கார்த்தி போனால் ஆறு பேரும் போவார்கள். ஆறு பேரும் போனால் மெஸ் போச்சு. அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டில் ஆர்.ஓ. மிஷின் மாட்டுவதென்று.

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர். பெரிய டிரில்லோடு சுவர் அருகே போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சுவருக்குள் கரண்ட் ஒயர் ஓடினால்? ஓசைப்படாமல் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தேன். அவர் டிரில்லை அமுக்குகிறார், அது சும்மா இருக்கிறது.

"லைட் கயீ க்யா, தாயி?" என்றார். (கரண்ட் போய்விட்டதா என்று கேட்கிறார். தாயி என்றால் மராத்தியில் அக்கா.)

அணைத்தது நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டி டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது டீயும் குடித்து முடித்தவர், பக்கத்து வீட்டு டி.வி. பாடுவதைக் கேட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரே போய் மெயினைப் போட்டார்.

மாட்டி முடித்துக் கிளம்பும்போது, முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னார். இந்தி புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாகவே புரிந்தது. மனம்தான் வரவில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கம். குடம் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் ஜெயில் கிடைக்கும் என்றே வெகுநாள் நம்பியிருந்தவள்.

போதாததற்கு, அந்த மிஷின் ஒரு பங்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் மூன்று பங்கை வேறொரு குழாயில் வெளியே தள்ளியது. குழாயை உருவி வாளியில் விட்டேன். வாளி நிறைந்தது. அண்டா, குக்கர், இட்லிப் பானை, ஹாட்பாக்ஸ், பிள்ளைகளின் ஸ்கூல் வாட்டர் பாட்டில் என்று எல்லாம் நிறைந்தன. கொட்டச் சொன்ன அந்த இரண்டு டேங்க் தண்ணீரை மட்டும் தனியாக இரண்டு குடத்தில் பிடித்து மூடி வைத்தேன்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னா இது, வீட்டுக்குள்ள கம்மா வெட்டுறியா?"

"அதெல்லாம் தர தொடைக்க. இந்த ரெண்டு குடத்த மட்டும் தொட்றாதீங்க. மிஷினு குடுத்த நல்ல தண்ணி."

"கொட்டச் சொன்னான்னு போன்ல சொன்னியே?"

"குடிக்க வேணாம்னுதான் சொன்னாரு. மாவரைக்க வேணாம்னா சொன்னாரு?"

"பட்டறையில மொத ரெண்டு பீஸக் கழிச்சுத்தான் போடுவோம்."

"அது இரும்பு. இது இட்லி."

வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எப்போதும் பேசியதில்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை அந்தத் தண்ணீரிலேயே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, அதையே விட்டு அரைத்தேன். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று மாவுச் சட்டிக்கு வீட்டுக்காரரின் ஸ்வெட்டரை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பார்த்தால், மாவு வைத்த இடத்திலேயே கிடந்தது, ஒரு விரல்கூடப் பொங்கவில்லை. புனே குளிரைத் திட்டிவிட்டு அடுப்பில் ஏற்றினேன். வேறு மாவும் இல்லை, நேரமும் இல்லை. கார்த்தியின் அம்மா இரண்டு லிட்டர் சிறுவாணித் தண்ணீர் பாட்டிலோடு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இட்லி வெந்து வந்தது. கேரம்போர்டு காய் மாதிரி தட்டையாக, கெட்டியாக. சாம்பல் நிறம். மேலே கறுப்பு கறுப்பாகப் பொட்டு.

"இதென்னுங்க, மொளகுங்களா?"

"ஆமாங்க. எங்க ஊர்ப் பக்கம் இப்பிடித்தான்." (என் மாவட்டம் என்னை மன்னிக்கட்டும்.)

ஒரு வருஷமாக என் இட்லியைத் தின்ற ஆறு பேரும் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி தட்டைப் பார்த்தார்கள். ஒருவன் கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தான். டக்கென்று சத்தம் கேட்டது. கார்த்தியின் அம்மா மட்டும் மென்றார், வெகுநேரம் மென்றார். பிறகு மகனின் தட்டில் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார்.

"தின்னு சாமி. வயிறு கெட்டு எளச்சுக் கெடக்கற. நீ எப்புடித் திங்கறேன்னு பாக்கத்தான வந்தேன்."

மூன்றாவது இட்லியில் கார்த்தி உடைந்துபோனான்.

"அம்மா, போதும்மா. என் வயிறு கெட்டதுக்கு அக்கா வீட்டுத் தண்ணி காரணமில்ல."

"பின்ன?"

"ஆபீஸ் வாசல்ல பானிபூரி சாப்ட்டேன்."

"ரெண்டு பூரி தின்னதுக்கா அப்பிடி?"

"ரெண்டு இல்ல ஆன்ட்டி," என்றான் பக்கத்தில் இருந்தவன். "அம்பது தின்பேன்னு பந்தயம் கட்டுனான். நாப்பத்தெட்டுல தோத்துட்டான்."

என் மெஸ் பிழைத்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒருத்தன் உண்மையைச் சொன்னதும் எனக்கும் தாங்கவில்லை. இரண்டு டேங்க், மாவு, மிளகு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

சொல்லி முடித்ததும், ஆறு பேருக்கும் என்ன ஆகுமோ என்று புதுப் பயம் பிடித்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மிஷின் பெட்டியில் இருக்கும்வரை உள்ளே எதுவும் வளராமலிருக்க மருந்து வைத்திருப்பார்களாம். கறுப்புப் பொட்டு கரித்தூளாம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்றார். நான் ஆறு தடவை கேட்டேன், தலைக்கு ஒன்றாக. ஆறு தடவையும் அதையே சொன்னார்.

மெக்கானிக் சொன்னதை நான் சொல்லக் கேட்ட கார்த்தியின் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இட்லி மாவையே பொங்க உடாத மிஷினுங்க. இனிக் கிருமி எங்கீங்க பொழைக்கும்? பையன் இங்கயே திங்கட்டுங்க."

அடுக்களைக்குள் வந்தவர், மீதியிருந்த குடத்தைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அவரே ரவையை வறுத்தார். நான் ஆர்.ஓ. குழாயில் சொம்பைப் பிடிக்கப் போனதும் கையைப் பிடித்து நிறுத்தி, "எதுக்குங்க வம்பு" என்று சிறுவாணி பாட்டிலைத் திறந்து உப்புமா கிண்டினார். ஆறு பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாவு பொங்காத காலைகளில், "என்னா, ஊர்ப்பக்கத்து மொளகு இட்லியா?" என்று வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். பிள்ளைகள் மிச்சக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். அது வீட்டுக்குள் நடப்பது, போகட்டும்.

நான்கு வருஷம் கழித்து கோயம்புத்தூரில் கார்த்தியின் கல்யாணம். காலைப் பந்தியில் எல்லா இலையிலும் மல்லிகைப் பூ மாதிரி இட்லி விழுந்தது. என் இலையை மட்டும் தாண்டிப் போனார்கள். மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று நான் வழக்கம்போல் வேர்த்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் வாளியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்க ஆர்.ஓ. அக்கா ஆருங்க?"

என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள் இரண்டு பேர், மெஸ்ஸில் சாப்பிட்ட பையன்கள் ஐந்து பேர். எட்டு விரல்கள் என் பக்கம் நீண்டன.

வாளியில் உப்புமா.