தரங்கம்பாடிக்கு இரண்டு நாள்

கார்ச் சாவிக்காகக் கை நீட்டிய தியாகராசனிடம், "எங்கே போறே?" என்று அவன் அப்பா கேட்டார்.

கேட்பார் என்று தெரியும். பதிலை இரண்டு நாளாக மனப்பாடம் செய்தும் வைத்திருந்தான். ஆனால் உலகநாதர் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததில் மனப்பாடம் கலைந்துபோய், "திருவையாத்துக்குப்பா. ஆராதனை. சனி, ஞாயிறு ரெண்டு நாள்" என்று வந்துவிட்டது.

"உனக்கும் பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"சௌந்தரத்துக்குப் பிரியம்."

அவன் போக நினைத்தது தரங்கம்பாடிக்கு. காரில் இரண்டரை மணி நேரம். கூடப் படித்தவன் ஒருவன் அங்கே பொதுப்பணித் துறையில் இருந்தான். கடலைப் பார்த்த பயணியர் மாளிகையில் ஓர் அறை சொல்லி வைத்திருந்தான். தைப்பனியில் மனைவியோடு கடற்கரையில் நடப்பது, மீன் வறுவல் சாப்பிடுவது, யாரும் கதவைத் தட்டாத அறையில் தூங்குவது, இவ்வளவுதான் திட்டம். ஆனால் நீடாமங்கலத்தை ஒட்டிய அந்த ஊரில், ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளை தன் அப்பாவிடம் போய், நானும் என் பெண்டாட்டியும் தனியாகக் கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்வதைவிட, கட்சி மாறிவிட்டேன் என்று சொல்வது சுலபம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டில் பதினான்கு பேர். புதுமணத் தம்பதிக்கென்று ஒதுக்கிய அறையில்தான் விதைநெல் மூட்டைகளும் அடுக்கியிருந்தன. எலி கடித்ததா என்று பார்க்க அம்மா, மூட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பா, பரணிலிருந்து ஊறுகாய் ஜாடி இறக்க அத்தை என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். சௌந்தரநாயகி இரண்டு வருஷம் பொறுத்தாள். போன திங்கட்கிழமை, குரலைக் கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"மாசி பத்தாம் தேதி என் தம்பிக்குக் கல்யாணம். அதுக்குள்ள ரெண்டே நாள், நீங்களும் நானும் மட்டும் எங்கேயாவது போய்ட்டு வரணும். இல்லேன்னா கல்யாணத்துக்குப் போறவ அங்கேயே இருந்துடுவேன்."

அவள் சும்மா மிரட்டுகிற ரகமில்லை. அவள் இல்லாமல் அந்த வீட்டில், நெல் மூட்டைகளோடு தனியாக இருப்பதைத் தியாகராசன் நினைத்துப் பார்த்தான். நினைக்கவே முடியவில்லை.

அந்த வருஷம் ஊரும் நிம்மதியாக இல்லை. சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. தாசில்தார் இரண்டு தடவை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். மிராசுதார்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்துப் போடுகிறவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

இது போதாதென்று நில உச்சவரம்புச் சட்டம் வேறு. அதை உலகநாதர் தன் பாணியில் சமாளித்திருந்தார். நிலத்தைத் துண்டு போட்டு, வீட்டில் மூச்சு விடுகிற ஒவ்வொருவர் பேரிலும் எழுதினார். மருமகள் வீட்டுக்கு வந்த மறுமாதமே ஆற்றங்கரைப் பத்து ஏக்கர் அவள் பேருக்குப் போனது. மாட்டின் பேரில் எழுதச் சட்டம் இடம் கொடுத்திருந்தால் காராம்பசுவுக்கும் இரண்டு ஏக்கர் கிடைத்திருக்கும்.

"சரி, போய்ட்டு வா" என்றார் உலகநாதர். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. "தர்மாம்பா அக்காவையும் கூட்டிட்டுப் போ. அது பத்து வருஷமா ஆராதனை ஆராதனைன்னு கிடக்கு."

தர்மாம்பாள் அத்தைக்குச் சேதி போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் புளியோதரைக்குப் புளி ஊறிவிட்டது. வெற்றிலைப் பெட்டி, கம்பளி, முழங்கால் தைலம் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சௌந்தரநாயகி எல்லாவற்றையும் பார்த்தாள். கம்பளியின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அதுதான் தியாகராசனைப் பயமுறுத்தியது.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் அத்தைக்கு இட்லி பரிமாறும் சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சங்கத்துக்காரர்கள் வழியில் காரை மறிப்பதாகவும், கும்பகோணம் ரோட்டில் ஒரு காரின் கண்ணாடி போய்விட்டதாகவும் அவிழ்த்துவிட்டான். நல்ல பலன். அத்தை கம்பளியை மடித்து உள்ளே வைத்தாள். ஆனால் மடித்த கையோடு தம்பியிடம் போய்ச் சொல்லியும் விட்டாள். உலகநாதர் உடனே களத்துக் காவலாட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தார்கள். அவர்களுடைய தடிகள்தான் உள்ளே அடங்காமல் ஜன்னலுக்கு வெளியே ஆளுக்கு ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன.

தியாகராசன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ரூமுக்குள்ளேயும் அவங்க வருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காரை யாரும் மறிக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டால் காவலுக்கு வேலையில்லை. இப்படி யோசித்து, தியாகராசன் நேரே எல்லையம்மாளைத் தேடிப் போனான். அறுப்புக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் கையை ஆட்டினால் இருநூறு பேர் வயலில் இறங்குவார்கள். ஆட்டாவிட்டால் இப்போது போல நெல் சாய்ந்து கிடக்கும். முன்பெல்லாம் "சின்னய்யா" என்றவள், சங்கம் வந்த பிறகு "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். கேட்கக் கேட்க அவனுக்கு அது பிடித்துப்போயிருந்தது. அப்பாவிடம் அதைச் சொன்னதில்லை.

"அறுப்பை அந்தரத்துல விட்டுட்டு அப்படி என்ன தம்பி அவசரப் பயணம்?" என்றாள் எல்லையம்மாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தார்கள்.

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அவளுக்கு உடம்பு சுகமில்லை. மாயவரத்துல லேடி டாக்டரைப் பார்க்கணும்" என்றான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லையம்மாள் சிரித்துவிட்டாள். தாராளமாகப் போகலாம், காரை யாரும் தொட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தாள். தியாகராசன் சீட்டியடித்துக்கொண்டு வீடு திரும்பினான். சேதி அவனுக்கு முன்னால் மாட்டுக்கொட்டகை வழியாக உள்ளே போயிருந்தது.

கூடத்தில் பலகை போட்டுச் சௌந்தரநாயகியை உட்கார வைத்திருந்தார்கள். அத்தை திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா தையல்நாயகி, தெருவில் வீடு தவறாமல் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவகிட்டகூடச் சொல்லாம டாக்டர்கிட்ட போறீங்களா? மூணு மாசம் முடியற வரைக்கும் இவ மோட்டார்ல கால் வைக்கக் கூடாது. பாட்டும் வேணாம், கச்சேரியும் வேணாம்."

அம்மாவின் தோளுக்கு மேல் சௌந்தரநாயகி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாசி மாதம் நாளைக்கே பிறந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தியாகராசன் தன் கடைசிப் பொய்யை எடுத்தான். அப்பா கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கதை வெறும் போர்வை, முழுகாமல் இருப்பதாவது ஒன்றாவது என்று காதோடு சொன்னான். ஆற்றங்கரைப் பத்து ஏக்கர் பத்திரத்தில் சர்வே நம்பர் பிசகியிருக்கிறது. நாளைக்கே அதைத் திருத்திப் பதிய மாயவரத்தில் ரிஜிஸ்தர் ஆபீசில் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். சௌந்தரம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியே தெரிந்தால் சங்கம் விடாது. இப்படி அடுக்கினான். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

உலகநாதர் மகனை இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெருமையோடு பார்த்தார். "இப்பத்தாண்டா நீ என் பிள்ளை" என்றார். சாவி கைக்கு வந்தது. காவல் ரத்து. அத்தைக்கு அடுத்த வருஷம். அம்மாவிடம் வாயைத் திறக்காதே என்று உத்தரவு. கொடுத்த சர்க்கரை கொடுத்ததுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது. காருக்கு அந்தப் பக்கம் குனிந்து சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த களத்துக் காவலாளை மட்டும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவன் எல்லையம்மாளின் தங்கை புருஷன். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மிராசுதார் ஆற்றங்கரைப் பத்து ஏக்கரைக் கைமாற்றி வெளியூர்க்காரனுக்கு எழுதப் போகிறார். புது ஆள் வந்தால் பழைய கூலிகூடக் கிடையாது. நாளைக் காலையில் மதகுப் பாலத்தை அந்தக் கார் தாண்டக் கூடாது. தபால்காரர்கூட வந்து தியாகராசனிடம், நாளைக்குக் கிளம்பாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போனால் பாலத்தில் அரிவாள். போகாவிட்டால் மாசி பத்து. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. சாயங்காலம் நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, நாலு பொய்களையும் ஒன்றுவிடாமல் மனைவியிடம் ஒப்பித்தான். அவள் புடவை மடித்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான்.

"ஆத்தங்கரை பத்து ஏக்கர் என் பேர்லதானே இருக்கு?" என்றாள்.

"பேருக்குத்தான்."

"உங்க பேனாவைக் கொடுங்க. எடுத்துட்டுப் போற சாமானுக்கு ஒரு லிஸ்ட் எழுதணும்."

மாமனார் வீட்டுச் சீரில் வந்த பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்தான். எங்கே போகப் போகிறோம் என்று லிஸ்ட் எழுதுகிறாளோ என்று நினைத்தான். அவள் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அன்றைக்குப் பசு ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தது போலிருக்கிறது. திரும்பி வர வெகுநேரமாயிற்று.

சனிக்கிழமை காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. உலகநாதரே வந்து, "சூதானமா முடிச்சிட்டு வா" என்று வழியனுப்பினார். தேர்முட்டி தாண்டும்போது சௌந்தரநாயகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு ரெண்டாம் சனிக்கிழமை இல்ல?"

தியாகராசன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டாம் சனிக்கிழமை. ரிஜிஸ்தர் ஆபீஸ் உட்பட ஒரு சர்க்கார் ஆபீசும் கிடையாது. அப்பா தினமும் ஏழு மணிக்குக் காலண்டர் தாள் கிழிப்பார். கண்ணாடியில் பார்த்தான். கிழித்துவிட்டார். தூரத்தில் வில்வண்டி வீட்டிலிருந்து புறப்பட்டுச் சீறி வந்துகொண்டிருந்தது. முன்னால் உலகநாதர் எழுந்து நின்றிருந்தார். உள்ளே அம்மாவின் கையில் ஏதோ கஷாயச் சொம்பு. ரிஜிஸ்தர் கதை பொய் என்று ஆனதும், அவர்களுக்கு மசக்கை மறுபடி நிஜமாகியிருக்க வேண்டும். இரு பக்கமும் தடியோடு காவலாட்கள் ஓடி வந்தார்கள்.

முன்னால் மதகுப் பாலம். பனிக்குள் சிவப்புக் கொடிகள் முதலில் தெரிந்தன, பிறகு ஆட்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. எல்லார் இடுப்பிலும் அரிவாள். அவன் பிரேக்கை மிதித்த மிதியில் இஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனது. சாவியைத் திருகினான். முனகியது. இன்னொரு தடவை திருகினான். முனகக்கூட இல்லை.

எல்லையம்மாள் கூட்டத்திலிருந்து பிரிந்து காரை நோக்கி வந்தாள். தியாகராசன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவள் கை சூடாக இருந்தது. இவளை இப்போது விட்டால் பிறகு கிடையாது என்று தோன்றியது. ஜன்னலை இறக்கினான்.

"எல்லையம்மா, ரிஜிஸ்தரும் இல்லை, டாக்டரும் இல்லை, ஆராதனையும் இல்லை. நிலத்தை யாருக்கும் எழுதலை. நானும் இவளும் தரங்கம்பாடியில ரெண்டு நாள் தனியா இருக்கப் போறோம். அவ்வளவுதான். இதுக்கு மேல எங்கிட்ட பொய் இல்லை."

அந்த வாரம் முழுக்க வெளி ஆளிடம் அவன் பேசிய ஒரே உண்மை அதுதான். முன் வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லையம்மாள் சிரிக்கவில்லை. திரும்பிக் கையை ஆட்டினாள்.

பத்து ஆண்கள் ஓடி வந்து காரின் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். வாய்க்காலில் தள்ளப் போகிறார்கள் என்று தியாகராசன் கண்ணை மூடிக்கொண்டான். கார் நேராக உருண்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பாலத்தின் மறுகரையில் இஞ்சின் உதறிக்கொண்டு உயிர் பெற்றது. காரை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தபோது, பிரிந்த கூட்டம் மறுபடி பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அத்தனை பேரும் ஊர்ப்பக்கம் பார்த்து, வருகிற வில்வண்டிக்கு நேராக நின்றிருந்தார்கள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் சௌந்தரநாயகி புடவைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, குளிர்கிறது, கண்ணாடியை ஏற்றுங்கள் என்றாள். அவன் ஏற்றப் போகும்போது எல்லையம்மாள் மூச்சு வாங்க நடந்து வந்து, ஜன்னல் வழியே பச்சைப் பேனாவை நீட்டினாள்.

"கூலி ஒப்பந்தத்துல முதல் கையெழுத்தை உங்க வீட்டுக்காரம்மா நேத்தே போட்டுட்டாங்க தம்பி, இன்னிக்கு ஆத்தங்கரை பத்து ஏக்கர்ல அறுப்பு இறங்குது, பதிலுக்கு அவங்க எங்ககிட்ட கேட்டது, நாளைச் சாயங்காலம் வரைக்கும் உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரையும் இந்தப் பாலத்தைத் தாண்ட விடக்கூடாதுங்கற ஒண்ணே ஒண்ணுதான்."