மூட்டாத லுங்கி

திரும்பி வந்த லுங்கி மூட்டியிருந்தது.

மெஹபூப் அலி அதை விரித்துப் பார்த்தார். மடித்துப் பார்த்தார். தலை வழியாக மாட்டிக்கொண்டுகூடப் பார்த்தார். சந்தேகமே இல்லை. அவர் அனுப்பியது மூட்டாத லுங்கி. யாரோ இரண்டு ஓரத்தையும் சேர்த்து, பொடித் தையலாகப் போட்டு மூட்டிவிட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி! கொஞ்சம் மேல வாங்க. இந்த அநியாயத்தப் பாருங்க!"

தி.நகர் மேட்லி சாலைப் பக்கத்துச் சந்தில் கீழே ராஜரத்தினத்தின் பாத்திரக்கடை, மாடியில் மெஹபூப் அலியின் வீடு. வீடு என்பது பழைய பேச்சு. ஆன்லைன் சந்தையில் லுங்கி விற்க ஆரம்பித்ததிலிருந்து கட்டில் ஒன்றுதான் பாக்கி, மற்ற இடமெல்லாம் சரக்கு. ராஜரத்தினத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். கேட்டாலும் யோசனை சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"யாரு பாய் திருப்பி அனுப்பினது?"

"நீரஜான்னு பேரு. பெசன்ட் நகர். அதுக்கு மேல ஆப்புக்காரன் காட்ட மாட்டான். 'பொருள் பிடிக்கவில்லை'ன்னு ரிட்டர்ன் போட்டு கீது."

"பிடிக்காதவளா இம்புட்டு அழகா மூட்டி அனுப்புவா?"

"அது கிடக்கட்டும். செலவு என் தலையில. வித்தா கமிஷன். பார்சலுக்குக் கட்டணம். பணம் வாங்கிக் குடுத்ததுக்குக் கட்டணம். திரும்பி வந்தா அதுக்கு ஒண்ணு. வராம இருந்தாத்தான் ஃப்ரீ போல."

சொல்லி முடித்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. வராமல் இருக்கும் ஒருத்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

மனைவி அஸ்மத்துன்னிசா கோபித்துக்கொண்டு போய் மூன்று மாதமாகிறது. போட்டியைச் சமாளிக்க, 'இலவசமாக மூட்டித் தரப்படும்' என்று ஆப்பில் போட்டவர் மெஹபூப் அலி. மூட்டியவள் அவள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க முடியாது. ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, என் கூலி?"

"கமிஷன் போக இன்னா மிஞ்சுது அஸ்மத்?"

"மூஞ்சி தெரியாதவனுக்குக் கேக்காமலே குடுக்கிறீங்க. கூடவே கீற எனக்குக் கேட்டாலும் இல்ல."

பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மெஹபூப் அலி டீ கேட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. மறுநாள் அவள் மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வடபழனியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவரும் இரண்டு முறை வடபழனி போனார். மச்சினி கதவைப் பாதி திறந்து, "அக்கா வெளிய போயிருக்கு மச்சான்" என்றாள். பட்டப்பகலில் அவள் எங்கே போவாள்? பொய் என்று முடிவு கட்டி ரோஷத்தோடு திரும்பினார். பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது வேறு விஷயம்.

ஆப்பில் 'மூட்டாத லுங்கி' என்று மாற்றிப் போட்டார். அவரே மூட்டாத லுங்கியைக் கட்டி, இடுப்பில் ஒன்று முழங்காலில் ஒன்று என்று ஊக்குக் குத்திக்கொண்டு திரிந்தார். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. கொடுக்கவில்லை. அவள் வந்து மூட்டுவாள் என்று வைத்திருந்தார். வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்தால், இத்தனை நாள் கூலியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை வடபழனி போவது என்பது அவருடைய திட்டம். வெறுங்கையோடு போக முகமில்லை.

"ஆப்புக்காரனுக்குப் புகார் எழுதும் பாய்" என்றார் ராஜரத்தினம். "பொருளச் சேதப்படுத்திட்டான்னு எழுதும்."

எழுதினார். போட்டோ கேட்டார்கள். அனுப்பினார். பதில் வந்தது: 'படத்தில் சேதம் தெரியவில்லை. பொருள் முன்பைவிட நல்ல நிலையில் உள்ளது. தவறான புகாருக்காக உங்கள் கடையின் மதிப்பெண் குறைக்கப்படுகிறது.'

"அப்போ விலையக் கூட்டும். ரிட்டர்ன் செலவெல்லாம் அதுல அடங்கிப் போகும்."

கூட்டினார். விலை கூடியதும் கமிஷனும் கூடியது. வாங்குகிறவர்கள்தான் கூடவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு ஆர்டர்.

"யாரு?" என்றார் ராஜரத்தினம்.

"நீரஜா."

நாலாம் நாள் அதுவும் திரும்பி வந்தது. மூட்டியிருந்தது.

"இது கருணாகரன் வேலை" என்று மெஹபூப் அலி பல்லைக் கடித்தார். கருணாகரன் பாண்டி பஜாரில் லுங்கி விற்கும் போட்டிக்காரர். "பொம்பள பேர்ல வாங்கி வாங்கித் திருப்பி, என்னை ஒழிக்கப் பாக்கிறான்."

"ஒழிக்கிறவன் எதுக்கு பாய் நூல் செலவு பண்ணுதான்?"

"அதான் அண்ணாச்சி தந்திரம்!"

ராஜரத்தினம் லுங்கியைத் தடவிப் பார்த்தார். "தையலப் பாரும். எறும்பு வரிசையா போன மாதிரி இருக்கு. இத அடுத்த ஆர்டருக்கு அனுப்பி விடும். மூட்டின லுங்கி கெடச்சா எவன் வேண்டாம்பான்?"

விலையை மறுபடி இறக்கி, அடுத்து வந்த ஆர்டர்களுக்கு நீரஜா திருப்பியவற்றையே அனுப்பினார். எவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'தையல் முத்து முத்தாக இருக்கிறது. இப்படியே வேண்டும்' என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஆளுக்கு இரண்டு மூன்று என்று ஆர்டர் குவிந்தது. எல்லோரும் மூட்டிய லுங்கி கேட்டார்கள். ரத்து செய்தால் அபராதம். டெய்லருக்குக் கொடுத்தால் அவன் கூலி லாபத்தைத் தின்றுவிடும்.

அப்போதுதான் மெஹபூப் அலி ஊசியைக் கையில் எடுத்தார்.

முதல் லுங்கியைத் தன் சட்டையோடு சேர்த்துத் தைத்தார். இரண்டாவதை ஓரத்தோடு நிறுத்தாமல் அடிப்பக்கத்தையும் சேர்த்து மூடித் தைத்தார். நாலைந்து முடிப்பதற்குள் விரலெல்லாம் குத்து. விரலைச் சூப்பிக்கொண்டே காலி மூலையைப் பார்த்தார். மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இன்னும் இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அவள் நாள் முழுக்க இதைச் செய்தாள். ஒரு நாளாவது கை வலிக்கிறதா என்று கேட்டிருப்பாரா? கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

போனை எடுத்து, 'அஸ்மத், கை வலிக்குதா?' என்று தட்டினார். திடீரென்று இதைப் படித்தால் புத்தி கெட்டுவிட்டது என்று நினைப்பாள். அழித்துவிட்டார்.

அவர் தைத்த லுங்கிகள் ஊருக்குள் போன வேகத்தில் திரும்பின. அடிப்பக்கமும் மூடித் தைத்த லுங்கி கிடைத்தவர் மட்டும் திருப்பவில்லை. ஒரு நட்சத்திரம் போட்டு, 'அரிசி போட்டு வைத்திருக்கிறோம். உறுதியான பை' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் ஆப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. திரும்பி வரும் பொருள்கள் அளவுக்கு மீறிவிட்டன. இனி ஒன்று திரும்பினாலும் கடை மூடப்படும்.

"ஒண்ணும் திரும்பாது பாய், தைரியமா இரும்" என்று ராஜரத்தினம் சொல்லி வாயை மூடவில்லை. சந்து முனையில் வேன் ஹாரன் கேட்டது. பார்சல்காரர் வேலு படியேறி வந்தார். பெசன்ட் நகரில் கொடுப்பதும் அவர்தான், அங்கே திருப்புவதை வாங்கித் தி.நகரில் சேர்ப்பதும் அவர்தான். கையில் ஒரு பார்சல்.

"ரிட்டர்ன் பாய். நீரஜா மேடம்."

மெஹபூப் அலி அப்படியே லுங்கி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "வேலு, உன் கால்ல வேணா வுழறேன். அத எடுத்துக்கினு போயிடு."

"வாங்கும்போதே ஸ்கேன் பண்ணியாச்சு நைனா. கம்ப்யூட்டர்ல ஏறிடிச்சி."

கடை போயிற்று. கடையோடு கூலியும் போயிற்று, வடபழனியும் போயிற்று. இனி எதை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பது? பார்சலைக் கிழித்தார். மூட்டிய லுங்கி, ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தது.

"யாருய்யா அந்த நீரஜா? நான் அவங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? நேரா வந்து ஒரு வார்த்த கேக்கறேன், கூட்டிக்கினு போ!"

ஆவேசமாக எழுந்தார். முழங்கால் ஊக்கு தெறித்து விழுந்து லுங்கி விரிந்துகொண்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராஜரத்தினம் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலு குனிந்து ஊக்கை எடுத்துக் கொடுத்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை துடித்தது.

"நீரஜா மேடம் மேல தப்பு இல்ல பாய். அவங்க தையல் கடை வச்சிக்கினு கீறாங்க. ஆர்டர் போடற போன்தான் அவங்கள்து. அங்க புதுசா வேலைக்கு வந்த ஒரு அம்மாதான் மூட்டி, மடிச்சி, திருப்பிக் குடுக்கறாங்க. பார்சல் வாங்கப் போகும்போதெல்லாம் நீங்க எப்டி கீறீங்கன்னு கேப்பாங்க, நானும் சொல்லுவேன். இன்னிக்கு நீங்க அதெல்லாத்தையும் வித்துட்டீங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். செம கோவம்."

"அவங்களுக்கு எதுக்குய்யா கோவம்?"

"'ஊருக்கு விக்கறதுக்கா நான் மூட்டி மூட்டி அனுப்பறேன், அந்த மனுஷன் இன்னும் ஊக்குக் குத்திக்கினு கீறாரே'ன்னு அழுவறாங்க பாய்."