காருக்குள் இருந்த மேளம்

நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில ஆரிட்டயும் கேட்டுப் பாருங்கோ. என்ர மனிசி ஜெகதீஸ்வரியிட்ட மட்டும் கேக்காதேங்கோ.

மகள் ஜெயரூபி வயசுக்கு வந்து பெரியபிள்ளையான கையோட நான் அவாவிட்டச் சொன்ன சொல் இது: "சடங்கு நடக்கும். மேளம் முழங்கும். ஆனால் உன்ர தம்பி கிருபன் என்ர படலை தாண்டக்கூடாது."

காரணம் இருக்கு. ரண்டு வருசத்துக்கு முந்தி, என்ர தண்ணி முறையில, என்ர வயலுக்கு வந்த வாய்க்காலை மறிச்சுத் தன்ர வயலுக்குத் திருப்பினவன் அந்த மகாராசா. அண்டையில இருந்து கதை பேச்சில்லை. ரோட்டில எதிர்ப்பட்டால் நான் வானத்தைப் பாப்பன், அவன் சைக்கிள் செயினைப் பாப்பான்.

தாய்மாமன் தேங்காய் உடைச்சு, தலையில பால் அறுகு வைக்காமல் என்ன சடங்கு எண்டு ஜெகதீஸ்வரி கேட்டா. அந்த மாமனும் சும்மா வரமாட்டான். புருசனும் பெண்சாதியும் சோடியாப் போய் வெத்திலைத் தட்டம் நீட்டி அழைக்கவேணும். நானோ? அவனுக்கோ? தேங்காயை ஆர் உடைச்சாலும் உடையும் எண்டு சொல்லிப்போட்டன். அவா சரியெண்டு தலையாட்டிப்போட்டு உள்ளுக்குப் போனா. அந்த இடத்திலயே நான் பயந்திருக்கவேணும்.

மேளத்துக்கு வாறன். இது தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு, சண்டைக் காலம். மேளக்காரர் எல்லாம் யாழ்ப்பாணத்தில. சடங்குக்கெண்டு நேவி சுடுற கிளாலிக் கடலைத் தாண்டி வாங்கோ எண்டு எந்த வாயால கேக்கிறது? கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ஊரே செய்தி கேக்குது. ஆனால் என்னட்ட ஒரு கார் இருந்தது. மண்ணெண்ணெயில இருமி இருமி ஓடுற கிழட்டுக் கார்தான். எண்டாலும் கம்பனியிலயே பூட்டி வந்த கசெற் செற்றும் நாலு ஸ்பீக்கரும் அதில இருந்தது. நாலு கதவையும் திறந்துவிட்டு நாதஸ்வரக் கசெற்றைப் போட்டால் குளத்துக் கட்டு வரைக்கும் கேக்கும். பிள்ளைக்கும் அதுதான் ஆசை. மேளம் இருக்குத்தானே அப்பா எண்டு அறைக்குள்ள இருந்து நாளைக்குப் பத்துத் தரம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு. வியாழக்கிழமை கசெற்றைப் போட்டுப் பாத்தால், செற் செத்துக் கிடக்கு. வெளிச்சமும் இல்லை, ஒரு கரகரப்பும் இல்லை.

நான் பதறேல்லை. ஹோர்னை அடிச்சன், அடிச்சுது. அப்ப பற்றரி நல்லம். ஸ்பீக்கர் நாலையும் கழட்டி ஊதித் துடைச்சுப் பூட்டினன். ஏரியல் கம்பியை உப்புத்தாளால சுரண்டினன். கசெற்றுக்கும் ஏரியலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு ஜெகதீஸ்வரி கேட்டா. உனக்கு உது விளங்காது எண்டன். எனக்கும் விளங்கேல்லை.

வெள்ளிக்கிழமை செற்றையே உரிச்சு வெளியில எடுத்தன். பின்னால பதினாலு வயர். அதில சிவப்பு மட்டும் நாலு. கழட்டேக்கை எது எங்க எண்டு எல்லாம் ஞாபகம் இருந்தது. திருப்பிப் பூட்டின பிறகு ஹோர்னை அமத்தினால் வைப்பர் ஆடுது. செற் மட்டும் வாய் திறக்கேல்லை. பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணை வேலியால எட்டி, மழையே இல்லை, ஏன் தம்பி வைப்பரைப் போடுறீர் எண்டு விசாரிச்சார். எனக்கு விசர்தான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை சாப்பிடேல்லை. மேளமில்லாத சடங்கு தனக்கு வேண்டாமாம், அழுதுகொண்டிருக்கிறாளாம். ஒரே ஒரு பொம்பிளைப் பிள்ளை.

ஜெகதீஸ்வரி தேத்தண்ணியோட வந்தா.

"இஞ்சாருங்கோ, உதைத் தெரிஞ்ச ஆளிட்டக் காட்டினால் என்ன?"

முத்தையன்கட்டில றேடியோ திருத்தத் தெரிஞ்ச ஆள் ஒரே ஒருத்தன்தான். பேரைச் சொல்லவும் வேணுமே?

"அவனிட்ட நான் போகமாட்டன்."

"மாமன் எண்டு கூப்பிட்டால்தானே வெக்கம்? றேடியோ திருத்துறவன் எண்டு கூப்பிட்டால் அது வேலைக்குக் கூப்பிடுறதுதானே."

என்ன நியாயம் பாத்தியளே! என்ர சொல்லும் தவறாது, மேளமும் வரும். நானே யோசிச்ச மாதிரி இருந்தது. சைக்கிளை எடுத்தன். நீங்கள் அங்க வாய் திறந்தால் சண்டைதான் வரும், நானும் வாறன் எண்டு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவாவும் கரியரில ஏறினா. பைக்குள்ள என்ன எண்டு கேட்டதுக்கு, கசெற் எண்டா.

கிருபன் வாசலிலயே நிண்டான். குளிச்சுத் தோய்ஞ்சு, வேட்டி சேட்டோட, திருநீறும் பூசிக்கொண்டு. றேடியோ திருத்துறவன் ஏன் இந்தக் கோலத்தில நிக்கிறான் எண்டு நான் யோசிக்க முந்தி ஜெகதீஸ்வரி பையைத் திறந்தா. உள்ளுக்குத் தட்டம். தட்டத்தில வெத்திலை, பாக்கு, எலுமிச்சம்பழம். என்ர கையை இழுத்துத் தட்டத்தில பிடிக்க வைச்சு நீட்டினா. நானும் சேந்து நீட்டிப்போட்டன். அவாதான் அழைச்சா:

"நாளைக்குப் பிள்ளைக்குத் தேங்காய் உடைக்க வா தம்பி."

அவன் ரண்டு கையாலயும் வாங்கிக் கண்ணில ஒத்தினான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஏதோ செய்தது, அதை விடுங்கோ.

எண்டாலும் மிச்சம் இருக்கிற மானத்தைக் காப்பாத்த வேணுமே. நான் வந்தது செற் விசயமா, சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும் எண்டு உறுக்கிச் சொன்னன்.

"பெட்டி தேவையில்லை அத்தான்."

சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு, விரல் நுனியளவு கண்ணாடிப் பியூஸ் ஒண்டை எடுத்துக் காட்டினான். ஜெகதீஸ்வரி அவன்ர கோழிக்கூட்டை வடிவாப் பாத்துக்கொண்டு நிண்டா.

"இது இல்லாட்டிச் செற்றுக்குக் கரண்டே போகாது. அக்கா புதன்கிழமையே கழட்டி என்னட்ட அனுப்பிப்போட்டா. நீங்கள்தான் வர மூண்டு நாள் பிந்திப்போட்டியள்."