பகா எண்களுக்கு மேசை விளக்கு

ஒவ்வொரு பிரிவும் தன் பணியைக் "கண்ணால் காணத்தக்க வகையில்" வெள்ளிக்கிழமை காலைச் சிற்றுண்டியின்போது சாப்பாட்டுக்கூடத் திரையில் காட்ட வேண்டும் என்று கோபன்ஹேகனின் வால்பி பகுதியில் உள்ள ஓய்வூதியக் கணக்கீட்டு வாரியம் அறிவித்தது. காட்ட ஒன்றுமில்லாத பிரிவுகள் மூடப்படும். வாரியத்தில் பிழையே இல்லாமல் நடந்துவந்த ஒரே பிரிவு மொகென்ஸுடையது. ஆகவே அதில் காட்ட ஒன்றுமே இல்லை.

அந்தப் பிரிவில் மொகென்ஸ் ஒருவர்தான். எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் கும்பலாகப் பிடித்து வேலை வாங்கும் பழைய கணினி மொழி ஒன்றில், பாதி நாட்டுக் கிழவர்களின் ஓய்வூதியத்தை ஒரே வரியில் கணக்கிட்டுவிடுவார். இரண்டாவது வரி எழுத நேர்ந்தால் அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும். வேறெந்த அலுவலகமும் அந்த மொழியைச் சீந்தாது என்பதால் பிரிவை மூடினால் அவர் கதியும் முடிந்தது.

எனவே ஒரே வரியில் ஒரு வேடிக்கை செய்தார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி இரண்டு, மூன்று என்று எண்களை நத்தை ஓட்டைப் போலச் சுற்றவிட்டார். பகா எண் என்றால் நட்சத்திரம், இல்லையென்றால் வெற்றிடம். திரையில் சாய்வு சாய்வாக நட்சத்திரக் கோடுகள் தெரிந்தன.

"மொகென்ஸ், இதனால என்ன பிரயோசனம்?" என்றாள் வாரியத் தலைவி விபெக்கே.

"ஒண்ணுமில்ல."

ஆலோசகர் மல்தே காலுறை இல்லாமல் காலணி போடுபவர். அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். "விபெக்கே, இது நாமதான். இந்தச் சாய்வுக் கோட்டைப் பாரு. பிரிவுகளுக்கு இடையில எப்பேர்ப்பட்ட ஒத்துழைப்பு."

மறு வாரமே அந்தப் படத்தைப் போலவே மேசைகள் சுருளாக அடுக்கப்பட்டு எண் தரப்பட்டன. நட்சத்திர மேசைகளுக்கெல்லாம் அழகான பித்தளை விளக்கு வந்தது. மொகென்ஸின் இருபத்துமூன்றாம் மேசைக்கும் வந்தது. மற்றவர்கள் நவம்பர் மாத மங்கல் வெளிச்சத்தில் தடவிக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக ஒன்றாம் எண்ணில் அமர்ந்த விபெக்கேயும் அவர்களில் ஒருத்தி.

"ஒண்ணு பகா எண் கிடையாது, விபெக்கே" என்றார் மொகென்ஸ்.

"யாரு முடிவு பண்ணினது? நம்மகிட்ட கருத்துக் கேட்டாங்களா?"

கேட்கவில்லை என்பது உறுதியானதும் கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டப்பட்டது. முதலில் எழுந்தவள் தொழிற்சங்கப் பிரதிநிதி பிர்தே. அவளுக்கு ஒன்பதாம் மேசை.

"ஏழுக்கு விளக்கு இருக்கு, ஒன்பதுக்கு இல்ல. என்ன நியாயம் இது?"

"ஒன்பதை மூணால வகுக்கலாம், பிர்தே" என்றார் மொகென்ஸ்.

"உன்னை யாரு வகுக்கச் சொன்னா?"

ஒன்பதை வாரத்துக்கு இரண்டு நாளாவது பகா எண்ணாக வைத்துக்கொள்ளலாமா என்று மல்தே இணக்கமாகக் கேட்டார். கடைசியில் எல்லா எண்களும் தத்தம் வழியில் பகா எண்களே என ஏகமனதாகத் தீர்மானமானது. எல்லோருக்கும் விளக்கு வந்தது. மொகென்ஸ் தன் வரியில் வெற்றிடத்தை எடுத்துவிட்டு அங்கும் நட்சத்திரம் போட்டார். திரை முழுக்க நட்சத்திரம்.

விபெக்கே திரையை ஏறிட்டாள். "மொகென்ஸ், இதுல பார்க்க ஒண்ணுமே இல்லையே."

பார்க்க ஒன்றுமில்லாத பிரிவை விதிப்படி மூட முடிவானது. அந்த ஊர் வழக்கப்படி வேலையை விட்டுப் போகிறவன்தான் கேக் கொண்டுவர வேண்டும். மொகென்ஸ் தன்னை அனுப்பிவைப்பதற்குத் தானே கேக் வாங்கி, தானே வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அப்போதும் துண்டுகளைச் சமமாகத்தான் வெட்டினார்.

விபெக்கேவுக்கு மனசு கேட்கவில்லை. "போறதுக்கு முன்னாடி பழைய படத்தைத் திரும்பப் போடேன். அழகா இருந்துச்சு."

"போடலாம். யாரோட விளக்கை எடுக்க?"

எல்லோரும் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். பிர்தேதான் வாயில் க்ரீமோடு சொன்னாள்: "அதான் நீ போறியே, மொகென்ஸ்."

அவர் தன் விளக்கை அணைத்து இருபத்துமூன்றாம் இடத்தில் மட்டும் வெற்றிடம் வைத்தார். நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஒரு சின்னக் கறுப்பு ஓட்டை. கூடமே கைதட்டியது.

"இப்பப் பார்க்க ஒண்ணு இருக்கு" என்றாள் விபெக்கே. "அப்போ பிரிவை மூட முடியாது. ஆனா நீ விளக்கைப் போடக் கூடாது, சரியா?"

இப்படியாக மொகென்ஸின் வேலை தப்பியது. இருட்டில் உட்கார்ந்து வழக்கம்போல் ஒரே வரியில் கணக்குப் போட்டார். சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் திரையில் அந்த ஓட்டையைத்தான் காட்டி, "அது யாரு?" என்று விசாரித்தார்கள். நட்சத்திரங்களை யாரும் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் மேசைமேல் ஒரு கட்டு விண்ணப்பம் கிடந்தது. அத்தனை பேரும் தங்கள் விளக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டிருந்தார்கள். இருட்டில் கண்ணை இடுக்கி மேலே இருந்த விண்ணப்பத்தைப் படித்தார். அது ஒன்றாம் மேசையிலிருந்து வந்திருந்தது.