மூன்றாம் வெட்டுமேசைக்கு அடியில் நான்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

எட்டு மாதமாகத் தங்கள் தங்கை ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டில் இறங்கியிருக்கிறாள். வேலையற்ற யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவிட்டு, இடத்தின் குறிப்பை இணையத்தில் போடுவாராம். இவர்கள் செல்போனும் கையுமாகத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவார்களாம். துணைக்கு யார் தெரியுமா? நம் தையல் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்த மெக்கானிக். “மெக்கானிக் அண்ணன் கண்ணு இருக்கே, அப்பப்பா!” என்று சாப்பாடு போடும்போதெல்லாம் புகழாரம். உடன்பிறந்த அண்ணன் நீங்கள் குத்துக்கல்லாக இருக்க, இன்னொரு அண்ணன் எதற்கு? செக்கிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் கோணல் தையலைக் கண்டுபிடித்தவன் நான். என் கண்ணை அவள் ஒருநாளாவது புகழ்ந்திருப்பாளா? வயிறு எரிகிறது மச்சான், மறைப்பானேன்.

போன சனிக்கிழமை மூடிக்கிடக்கும் நம் கம்பெனியிலேயே டப்பா இருப்பதாகக் கிளம்பினார்கள். அவள் செல்போனில் குறிப்பை முன்னாடியே பார்த்துவிட்ட நான், ஒரு மணி நேரம் முந்திக்கொண்டேன். மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டார்கள், வெட்டுமேசைகள் மட்டும் மிச்சம். மூன்றாவது மேசைக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்து, இஸ்திரி அறையில் நீராவிக் குழாய்க்குப் பின்னால் செருகினேன். அந்த ஆள் மூக்குடைபடட்டும் என்றுதான். திரும்பி வருவதற்குள் வாசலில் பேச்சுக்குரல். அதே மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அரை மணி நேரம் தேடினார்கள். இடுப்பு கழன்றுவிட்டது.

“யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா, வாங்க போலாம்” என்றார் மெக்கானிக்.

“எங்க வீட்டுக்காரர் வந்திருந்தா ரெண்டே நிமிஷத்துல எடுத்துருப்பாரு. ஒரு நூல் பிசிறு அவர் கண்ணுக்குத் தப்பாது” என்றாள் இவள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் தவழ்ந்து வெளியேறி, சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக, தற்செயலாக வந்தவன்போல நுழைந்தேன். நேரே இஸ்திரி அறைக்குப் போய் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

“எப்படி சார்?” என்று வாய்பிளந்தார் மெக்கானிக்.

“அனுபவம்” என்றேன்.

அத்தோடு முடிந்ததா? வீடு திரும்பும் வழியெல்லாம், “பாவம், அண்ணன் முகமே வாடிப்போச்சு” என்று இவள் புலம்பல்! ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கையை நாலு வார்த்தை கண்டித்து, இந்த விளையாட்டுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கவும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்பு மறவாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையில் உன் விலாசம் எழுதச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். அன்று உள்ளே நுழைந்ததுமே மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களை நானும் மெக்கானிக் அண்ணனும் பார்த்துவிட்டோம். அதனால்தான் இவர் கண்ணைப் பற்றிச் சத்தமாகச் சொன்னேன். சொன்னது பொய்யில்லை. எட்டு மாதமாகக் கூப்பிட்டும் வராத மனிதர்! நீ அலைந்து வராதே. வரும் சனிக்கிழமை நானும் இவரும் மட்டும் போகிறோம், மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. எனக்காக இவர் பொறாமைப்பட்டு எத்தனை வருடமாயிற்று! இன்னும் இரண்டு நாள் பட்டுக்கொள்ளட்டும்.