மச்சான் இல்லாத ஆல்பம்

வரலாற்றிலிருந்து ஒருவரை நீக்கிவிடுவது என்று ஜோசப்ராஜ் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். அரசர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். முந்தைய அரசனின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். ஜோசப்ராஜிடம் உளி இல்லை. மௌஸ் இருந்தது.

நீக்கப்பட வேண்டியவர் டைட்டஸ். ஜோசப்ராஜின் மனைவி ஜெயசீலிக்குத் தம்பி. விக்ரோலியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் ஊரே கூட நின்று உதவும்.

விவகாரம் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது. செம்பூர் வீட்டில் இருபத்தைந்து வருடப் படங்கள் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள், ஒரு பழைய மென்பொருளுக்குள் கிடந்தன. அதைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். புதிய இயந்திரங்களில் அது ஓடாது. சான்பாடாவில் குடித்தனம் வைத்திருக்கும் மகள் ரீனா, அப்பா அம்மாவுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கித் தந்துவிட்டு, பழையது மூச்சை விடுவதற்குள் படங்களை ஒழுங்குபண்ணி வைக்கச் சொன்னாள். வரும் கல்யாண நாளன்று எல்லாவற்றையும் டிவியில் ஓடவிட வேண்டுமாம்.

ஒழுங்கு என்று அங்கே எதுவும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானாக வைத்த பெயர்தான். நாலு ஆங்கில எழுத்து, பின்னால் ஒரு எண். எது ஞானஸ்நானம், எது நோய்க்கு மருந்து வாங்கிய சீட்டைப் பிடித்த படம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஜெயசீலி பல வருடமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: அடுத்த மாதம்.

இந்த முறை அவள் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்க சிரமப்படாதிய. டைட்டஸ் பண்ணித் தாரேன்னுட்டான்" என்றாள்.

ஜோசப்ராஜ் உரத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு நட்டு போல்ட் கூட அட்டைச்சீட்டு இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்தது கிடையாது. அவர் வீட்டுப் படங்களை இன்னொருவர் அடுக்குவதா?

"அவனுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும்?"

"பட்டறையில வச்சிருக்கான்லா."

"பட்டறையில பூனைகூடத்தான் வச்சிருக்கான்."

"பூனை அடுக்கித் தாரேன்னு சொல்லலயே."

அன்றே உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் மனிதன் முதலில் தேடுவது தன்னைத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரூப் போட்டோ கையில் வந்தால் நாம் எல்லோரும் அப்படித்தான். ஜோசப்ராஜ் வருடம் வருடமாகப் புரட்டினார். தான் எங்கும் இல்லை. ஜூஹு கடற்கரையில் மணல்மேல் ஒரு நீண்ட நிழல் விழுந்திருந்தது, அது அவர். ஒரு கிறிஸ்துமஸ் படத்தின் மூலையை ஒரு கட்டைவிரல் மறைத்தது, அதுவும் அவர். கேமராவை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்காதவருக்கு இருபத்தைந்து வருடத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்.

டைட்டஸோ எங்கும் இருந்தார். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? உட்கார்ந்திருந்தது. முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மாமன் போட்ட மாலை. மாஹிம் கோயில் திருவிழாவில் மாமன் தோளில் ரீனா. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் மாமன். எல்லாவற்றிலும் கருப்புக் கண்ணாடி, தூக்கிய கட்டைவிரல். நாளை பேரப்பிள்ளைகள் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யார் என்று நினைப்பார்கள்? கேள்வி கேலியாகத்தான் மனதில் எழுந்தது. ஆனால் எழுந்தது உட்காரவில்லை.

மொத்தமாக அழித்துவிடலாம் என்றால் டைட்டஸோடு ரீனாவும் போய்விடுவாள். ஆகவே வெட்டுவது. ஓரத்திலிருந்து டைட்டஸ் வரைக்கும் வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு முறைப்படி பெயர் வைப்பது: வருடம், இடம், விசேஷம், ஆள். யாராவது கேட்டால், மென்பொருள் மாறும்போது சிலது போய்விடும், என்ன செய்ய, என்று கையை விரிப்பது. குற்றத்தைச் செத்துப்போன மென்பொருள்மேல் போட்டால் அது எழுந்து வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

மழைக்காலம் முழுவதும் வேலை நடந்தது. ஒரு ஆளை வெட்டுவது நினைத்ததைவிடக் கஷ்டம். டைட்டஸ் போனாலும் அவர் கை போகாது. ரீனாவின் தோளில், கேக் வெட்டும் கத்திமேல், ஜெயசீலியின் தலைக்குப் பின்னால், உடம்பில்லாத ஒரு கை பல வருடமாகக் குடும்பத்தை ஆசீர்வதித்துக்கொண்டே இருந்தது. கர்த்தருடைய கை என்று சொல்லிவிடலாம் என ஜோசப்ராஜ் தேற்றிக்கொண்டார். கர்த்தர் டைட்டானியம் வாட்ச் கட்டியிருந்ததுதான் இடித்தது.

வெட்டப் போனவர் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. உற்றுப் பார்த்ததில் மறந்தவை வந்தன. ஜெயசீலி ஒரு வருடம் முழுக்க இடதுகைக்காரிபோல எல்லாவற்றையும் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு முறிந்த வருடம் அது. அந்த வருடம் ரீனாவுக்குத் தலை பின்னியது யார்? அவர்தான். அதற்குப் படம் இல்லை. படம் எடுக்கக் கை இருந்திருக்காது. இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். ஜெயசீலி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். அந்த மௌனத்தை அவர் அறியாமை என்று கணக்கு வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆனவர் செய்யக்கூடாத கணக்கு.

கல்யாண நாள் வந்தது. ரீனா எல்லாவற்றையும் ஏற்கெனவே புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தாள். பிரியாணி முடிந்து, விக்ரோலிக் குடும்பமும் சான்பாடாக் குடும்பமும் டிவி முன்னால் கூடின. ஜோசப்ராஜ் முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். மென்பொருளின் துரோகத்தைப் பற்றி இரண்டு வாக்கியமும் தயார்.

முதல் படம் வந்தது. காதுகுத்து. மடி, மாலை, கண்ணாடி, கட்டைவிரல். டைட்டஸ் முழுசாக, டிவி அகலத்துக்கு உட்கார்ந்திருந்தார். அடுத்த படத்திலும் இருந்தார். அதற்கடுத்ததிலும். கீழே ஜோசப்ராஜ் வைத்த பெயர்கள் மட்டும் ஒழுங்காக, வருடம் இடத்தோடு ஓடின.

நடந்தது இதுதான். அந்தப் பழைய மென்பொருள் படத்தை உண்மையில் வெட்டுவதே இல்லை. 'இந்த ஓரத்தை மறைத்துக் காட்டு' என்று தனக்குள் குறித்துவைக்கும், அவ்வளவே. அது செத்ததும் குறிப்பு அதோடு போயிற்று. படம் முழுதாக நின்றது. பெயர்களும் நின்றன, கோப்பின்மேலேயே எழுதியிருந்ததால். ஜோசப்ராஜ் ஒளித்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது, உழைத்தது அத்தனையும் தங்கிவிட்டது.

டைட்டஸுக்குக் கண் கலங்கியது. "அத்தான், ஒண்ணு விடாம வச்சிருக்கியளே. என்மேல இவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச் கட்டிய கை. ஜோசப்ராஜ் அதை இத்தனை அருகில் பார்க்க வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

பேச்சை மாற்ற, பட்டறைக் கம்ப்யூட்டரைப் பற்றி விசாரித்தார். டைட்டஸ் சிரித்தார். அதைப் பையன்கள்தான் பார்க்கிறார்களாம். தனக்கு அதை எந்தப் பக்கம் தொட்டால் எரியும் என்றே தெரியாதாம்.

ஜோசப்ராஜ் மெல்ல எழுந்து அடுக்களைக்குப் போனார். ஜெயசீலி பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டைட்டஸ் அடுக்கித் தாரேன்னு சொன்னானா?"

"யாரு, டைட்டஸா?" என்றாள் அவள். அதுவே பதில்.

"நான் வெட்டுனது உனக்குத் தெரியுமா?"

"ஒரு படத்தை ரீனாவுக்கு அனுப்பினேன். உங்க திரையில கைதான் இருந்திச்சு. அவகிட்ட முழு ஆளே போய்ச் சேந்திருந்தான்."

அவர் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கினார், கரண்டிகள் ஒரே பக்கம் பார்க்கும்படி. அவள் அதைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"அத்தனை படத்துலயும் அவன் இருக்கான், சரிதான். எதுலயாவது நாங்க அவனைப் பாக்கோமா? நானும் உங்க மகளும் எங்க பாத்துக்கிட்டு நிக்கோம்னு போய்ப் பாருங்க."

வாசலில் நின்றபடியே பார்த்தார். டிவியில் மாஹிம் திருவிழா. மாமன் தோளில் ஏறியிருந்த ரீனா, பக்கத்தில் ஜெயசீலி, இருவரும் சிரித்தபடி நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் மாறியது, மறுபடி அவரைத்தான். அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"இதை எப்ப கண்டுபிடிச்ச?"

"எதை?"

"வெட்டுனது போய்ச் சேராதுங்கறத."

ஜெயசீலி தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் வாரமே. அப்பவே சொல்லியிருந்தா, ரெண்டாவது வாரம் நீங்க எந்திரிச்சுப் போயிருப்பியளே."