புளி போட்டு விளக்கிய வாள்

புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் சும்மா உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்பார்கள். உட்காராமல் எதையாவது செய்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

தெமோதரையில் என் மாமனார் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஒரு வாள் தொங்கியது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது மாமாவின் தாத்தாவுக்குக் கொடுத்ததாம். எந்தத் துரை? தெரியாது. துருவுக்கு அடியில் ஏதோ எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. சாவதற்குள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாமாவின் ஒரே ஆசை. அதைப் படித்துச் சொல்ல, பழம்பொருட்களை ஆராய்கிற ஒருவர் பதுளையிலிருந்து வருவதாக இருந்தது.

மாமா பூசை முடிந்து அவரைக் கூட்டிவரப் போயிருந்தார். வருகிற மனிதர் வாளை இந்தக் கோலத்திலா பார்ப்பார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்மஸுக்குப் பித்தளைச் சாமான் விளக்குகிற அதே முறைதான்: புளி, சாம்பல், தேங்காய் நார். தோள்பட்டை கழன்றுவிடும் போலத் தேய்த்தேன். வாள் பளபளத்தது. (அதில் முகம் பார்த்துத் தலை வாரினேன், சத்தியமாக.) தோல் உறை நாறியது. அதைச் சவர்க்காரம் போட்டு வெந்நீரில் ஊறவைத்து, அலசி, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன்.

மாமாவோடு உள்ளே வந்தவர் வாளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"யாருங்க இதத் தேச்சது?"

பாராட்டப்போகிறார் என்று நினைத்து, "நான்தாங்க!" என்று முந்திக்கொண்டேன்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எழுத்து இருக்குன்னு சொன்னீங்களே ஐயா?"

"இருந்துச்சுங்களே..." மாமா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இப்ப இல்லீங்க. சரி, உறையிலயாவது ஏதாச்சும் பதிச்சிருப்பாங்க. உறை எங்க?"

"கொடியில காயுதுங்க."

அந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எடுத்துவந்து கொடுத்தேன். சுருங்கிச் சுண்டி, கருவாடு மாதிரி விறைத்திருந்தது. வாளின் முனைகூட அதற்குள் நுழையவில்லை.

"தோலுக்குத் தண்ணியே காட்டக் கூடாதும்மா. துருவையும் பதமாத்தான் எடுக்கணும். இனிமே வாளையும் உறையையும் தனித்தனியா, காஞ்ச துணியில சுத்தி வைங்க. நீங்க மட்டும் தொடாதீங்க."

ஒரு மனிதர் ஆயுள் முழுக்கத் தேடிய பெயரை, வாள் கழுவிய தண்ணீரோடு ஊற்றிவிட்டேனே என்று அழுதேன். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை லுணுகலையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "இது எந்தத் தொரையோட வாளுங்க?" என்று கேட்டார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தொரையும் இல்ல, கிரையும் இல்ல. எங்க மருமகளோட வாளு."

இன்றுவரை யார் கேட்டாலும் அதே பதில்தான். என் மகனோ, அவனுடைய அம்மா சண்டை போட்ட வாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.